இடக்கரடக்கல்

என் பெயர் ருங்நபா.
அலுவலகத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை.
அங்கே நான் குங், அதாவது இறால்.
எதிர் இருக்கைக்காரன் முட்டை.
மேலாளருக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் பென்ஸ்.
ஓர் இறாலும் ஒரு முட்டையும் ஒரு காரும் சேர்ந்துதான்
இரவு எட்டரை மணி நாடகத்தில்
நாட்டின் கண்ணுக்கு எது ஆகும், எது ஆகாது என்று
முடிவு செய்கிறோம்.

வில்லன் உதட்டில் சிகரெட்: மங்கலாக்கு.
குவளையில் பீர்: மங்கலாக்கு.
நெற்றியில் துப்பாக்கி: துப்பாக்கியை மட்டும்,
நெற்றி இருக்கலாம்.
அவன் அவளைச் சுவரோடு நெருக்கிக் கையை முறுக்குகிறானே,
அது இருக்கலாம். அது காதல்.
ஒருமுறை கேட்டுவிட்டேன்.
பென்ஸ் சிரித்தார்.
எங்கள் ஊரில் சிரிப்பும் ஒரு பதில்தான்,
இல்லை என்பதைவிடக் கொஞ்சம் நீளம்.

பதினோரு வருஷமாக இதே வேலை.
லாட் ப்ராவ் பேருந்து நிறுத்தத்தில்
நான்கு வயது மகன் என் முந்தானை இல்லாத தோளைச் சுரண்டினான்:
அம்மா, அந்த ஆள் வாயில் இருப்பது மட்டும்
ஏன் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது?

மதியம் நூடுல்ஸ் வண்டி.
வாடகை, மச்சினனின் கடன், லாட்டரி எண்
எல்லாம் தெருவுக்கே கேட்கும்.
பிறகு ஒரு பேச்சு வரும்.
வரும்போதே பெயரைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வரும்.
குச்சி ஒன்று மின்விசிறியைக் காட்டும்.
புருவம் ஏறும்.
"அது" என்பார் ஒருவர். "ஆமாம், அதுவே" என்பார் இன்னொருவர்.
கிரெங் ஜாய் என்போம் நாங்கள்:
பிறர் மனம் நோகுமே என்று தன் மனத்தை மடித்து வைப்பது.
நல்ல குணம். மறுக்கவில்லை.
ஆனால் எட்டாய், பதினாறாய் மடித்த பின்
விரித்தால் அந்த மடிப்புகள்தானே தெரிகின்றன.

போன வியாழன் செய்திப் பிரிவில் ஆள் இல்லை.
கோன் கேனிலிருந்து ஒரு துண்டுப் படம்.
பள்ளி வாசற்படியில் ஒரு பெண், கரோக்கே மைக்கோடு.
முன்நெற்றியில் ஒரு கோடு வழித்திருந்தார்கள்,
அளவுக்கு மேல் வளர்ந்ததாம்.
வெட்டியதை அவள் பொறுக்கி எடுத்து
ஐஸ் டீ கட்டித் தரும் பிளாஸ்டிக் பையில் போட்டு
ரப்பர் சுற்றி
உயர்த்திக் காட்டுகிறாள்.

சிறுமி, முகத்தை மறை என்றார்கள். சரி.
குரலுக்கு மேல் இசை போடு என்றார்கள். போட்டேன்.
பையையும், என்றார்கள்.

கை அசைந்தால் மங்கலும் கூடவே அசைய வேண்டும்.
ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி ஒட்ட வேண்டும்.
இருநூற்றுப் பன்னிரண்டு பிரேம்.
கட்டைவிரலில் நீல மை.
நாற்பதாவதில் மணிக்கட்டு நடுங்கியது.
தொண்ணூறில் நின்றுவிட்டது.
இந்த நாட்டில் வேறு யாரும்
அந்தக் கையை அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் வண்டியருகே ஒரே ஊகம்.
போதை மாத்திரை, என்றது ஒரு குரல்.
ரத்தம்.
வெடிமருந்து, அதைவிடப் பெரிது,
இல்லாவிட்டால் மறைப்பார்களா?
முட்டை என் கைபேசிக்கு ஐந்து ஐந்தாக அனுப்பினான்.
எங்கள் மொழியில் ஐந்து என்றால் "ஹா".
எண்ணிப் பார்த்தேன், ஒன்பது ஐந்து.
அருகில்தான் உட்கார்ந்திருந்தான், சிரிக்கவே இல்லை.

"முடி," என்றேன்.
குச்சிகள் நின்றன.
"வெறும் முடிதான்."
யாரும் நம்பவில்லை.
அல்லது நம்பினார்கள். சூப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

மாலை ஆறு. ரயில் நிலையப் படிக்கட்டு.
ஒலிபெருக்கியில் பாட்டு எழ
ஏறியவர் ஏறிய படியில், இறங்கியவர் இறங்கிய படியில்.
வெளியே ஜனவரிப் புழுதி
உயர்ந்த கட்டடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது.
நானும் நின்றேன்.
கையில் ரப்பர் சுற்றிய ஒரு பை தேநீர்.
அத்தனை பேர் உறைந்திருந்த அந்த ஒரு பிரேமில்
பைக்குள் பனிக்கட்டி மட்டும்
மெல்லப் புரண்டு படுத்தது.